அரை செட்டு மாஸ்டர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. எங்கள் ஊர் கல்லாவியில் அஞ்சாவது வரைக்கும் படித்ததோடு சரி. ஞாபகமும் இப்போதெல்லாம் நம்பும்படி இல்லை. அடுப்பில் என்ன வைத்தேன் என்பது தீய்ந்த வாசம் வந்த பிறகுதான் தெரிகிறது. அவரவர் ஊரில் பார்த்த மறக்க முடியாத மனிதரைப் பற்றி எழுதி அனுப்பலாம் என்று நீங்கள் போட்டிருந்ததை, வடை மடிக்க வாங்கிய பழைய பேப்பரில் பார்த்தேன். கடைசித் தேதி எண்ணெயில் ஊறிப்போய்த் தெரியவில்லை. தேதி முடிந்துபோயிருந்தாலும் ஒரு தடவை படித்துவிட்டுத் தூக்கிப் போடுங்கள்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் எங்கே வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், அரை செட்டு மாஸ்டர் உட்கார்ந்து பார்த்தவர் ஒருத்தரும் கிடையாது. பஸ்ஸில் பாதி சீட்டு காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கோயில் பந்தியில் இலை போட்டால் இலையைக் கையில் ஏந்திக்கொண்டு தூண் ஓரமாகப் போய்விடுவார். முடி வெட்டும் கடையிலும் நின்றபடிதான் தலையைக் கொடுப்பார், வெட்டுகிறவர் ஸ்டூல் மேல் ஏறி நின்று வெட்டுவார் என்று சொல்வார்கள். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னதாக இருக்கலாம். அவர் சம்சாரத்திடமே ஒருநாள் கூச்சத்தை விட்டுக் கேட்டேன், தாலி கட்டும்போதாவது மணையில் உட்கார்ந்தாரா என்று.

"ஒரு முட்டியத்தான்க்கா ஊனுனாரு," என்றார் அந்தம்மா. "இன்னொரு காலு ஆடிக்கிட்டேதான் இருந்துச்சு."

மூக்கண்டப்பள்ளியில் கம்பெனிகளுக்குப் போகிற ரோட்டில், ஒரு கம்பெனி கேட்டுக்கு எதிரில் என் டிபன் கடை. முதலில் தள்ளுவண்டியாக இருந்தது, பிறகு தகரம் போட்டது. எங்கள் வீட்டுக்காரர் இருந்தபோது அவர் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்வார், நான் அடுப்புக்குப் பின்னால் இருப்பேன். ஆம்பளைகளிடம் நிமிர்ந்து பேசிப் பழக்கமில்லை. அவர் போன பிறகு வேறு வழியில்லாமல் அடுப்புக்கு முன்னால் வந்தேன். அப்போதும் சட்டினிப் பாத்திரத்தைப் பார்த்தபடிதான் பேசுவேன். அந்தக் கடைக்குத் தினமும் வருகிற ஆள் மாஸ்டர். எதிர் கம்பெனியில் பிரஸ் மெஷினில் வேலை. தகட்டை உள்ளே தள்ளினால் மேலே இருந்து டொம்மென்று இறங்கி அடிக்குமே, அந்த மெஷின். நாள் முழுக்க நின்றே பார்க்கிற வேலை.

அவருக்கென்று நான் ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருந்தேன். அதில் அவருடைய கிளாரினெட் பெட்டி உட்கார்ந்துகொள்ளும். அவர் பக்கத்தில் நின்று சாப்பிடுவார்.

"உக்காந்து சாப்புடுங்க மாஸ்டர்," என்று ஒரு தடவை சொன்னேன். சட்டினியைப் பார்த்தபடிதான்.

"உக்காந்தா உடம்பு சொகம் கேக்கும்க்கா. சொகம் கண்டா மெஷின்ல கண்ணு சொக்கும். கண்ணு சொக்குனா வெரலு போயிரும். நம்ம லைன்ல எத்தன பேருக்கு வெரலு இல்லன்னு பாருங்க." பத்து விரலையும் விரித்துக் காட்டினார். "இந்தப் பத்தும் கிளாரினெட்டுக்கு வேணும். பத்தோட ரிட்டயர்டு ஆவணும்."

அதிலிருந்து நான் உட்காரச் சொல்வதில்லை. ஸ்டூலை மட்டும் தினமும் போட்டுவிடுவேன்.

அரை செட்டு என்ற பேர் வந்த கதையைச் சொல்கிறேன். அவருடைய பேண்ட் செட்டில் நாலு பேர். மாஸ்டர் கிளாரினெட். டிரம்பெட் நஞ்சப்பா, கன்னடக்காரர், ஆனேக்கல் பக்கம். பெரிய டிரம் முனிராஜு, வீட்டில் தெலுங்கு. சைடு டிரம் செல்வம், விருதுநகர்ப் பக்கமிருந்து வேலைக்கு வந்தவர். நாலு பேரும் நாலு கம்பெனி. ஒருத்தருக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றால் இன்னொருத்தருக்கு செகண்ட், மூன்றாமவருக்கு நைட். வார லீவும் ஆளுக்கு ஒரு கிழமை. அதனால் எந்த விசேஷத்துக்கும் இரண்டு பேர்தான் வருவார்கள், அதிர்ஷ்டம் இருந்தால் மூன்று. நாலு பேரும் சேர்ந்து ஒரு பாட்டு வாசித்தது அவர்கள் வேலையில் இருந்தவரை நடக்கவே இல்லை.

பெரிய டிரம் மேல் செட்டின் பேரை எழுத ஒரு பெயிண்டரைப் பிடித்தார் மாஸ்டர். அவரும் கம்பெனியில் பெயிண்ட் அடிக்கிறவர்தான். 'ஸ்ரீ வெங்க' வரைக்கும் எழுதினார், கம்பெனி பஸ் வந்துவிட்டது, போய்விட்டார். அப்புறம் அவருக்கு ஷிஃப்ட் மாறிவிட்டது. 'ஸ்ரீ வெங்க' என்றே அந்த டிரம் ஊர் ஊராகப் போய்வந்தது.

யார் வருவார்கள் என்பது கல்யாண வீட்டுக்குக் கடைசி நிமிஷம் வரை தெரியாது. நஞ்சப்பா லீவு போட்டு வந்த கல்யாணத்தில் முழுக்கக் கன்னடப் பாட்டு. பெண் வீட்டார் சேலமாக இருந்தாலும் அதைத்தான் கேட்டாக வேண்டும். முனிராஜு மட்டும் வந்த வீட்டில் பாட்டே கிடையாது, அடி மட்டும். வராதவர்களுடைய பாகத்தை வந்தவர்கள் சேர்த்து வாசிப்பார்கள். டிரம்பெட் இல்லாவிட்டால் மாஸ்டர் கிளாரினெட்டிலேயே டிரம்பெட் மாதிரி கத்துவார். டிரம் இல்லாவிட்டால் ஷூ காலால் தரையில் ஓங்கி மிதிப்பார். ஆளில்லாத மெஷினையும் சேர்த்து ஓட்டுகிற மாதிரிதான். அவர்களுக்கு அது பழகிய வேலை.

இதில் என் பாடு பெரிய பாடு. அவர்களுக்குள் பார்த்துப் பேச நேரம் கிடையாது, ஆனால் நாலு பேரும் என் கடைக்கு வருவார்கள், ஆளுக்கு ஒரு நேரத்தில். அதனால் பாட்டில் ஏதாவது மாற்றம் என்றால் என்னிடம் சொல்லிவிட்டுப் போவார் மாஸ்டர்.

"யக்கா, முனிராஜு சாயங்காலம் வருவான். ரெண்டாவது அடியில டும் டுடும் வேணாம், டும் மட்டும் போதும்னு சொல்லிருங்க."

ரோடு நிறைய ஆம்பளைகள் நின்று சாப்பிடுகிற நேரத்தில் நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு முனிராஜுவிடம் "டும் டுடும் வேணாமாம்" என்று சொல்ல வேண்டும். முனிராஜுவுக்கு ஒரு காது மெஷின் சத்தத்தில் மந்தம். "ஏமி அக்கா? கெட்டியா சொல்லுங்க," என்பார். நான் கெட்டியாகச் சொல்வேன். வடை தின்பவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் அடுப்புக்குள் புகுந்துவிடலாம் போல இருக்கும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மாஸ்டர் சொன்ன எதையும் நான் மறந்ததில்லை. பால் பாக்கி மறந்திருக்கிறேன், டும் டுடும் மறந்ததில்லை.

கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. நம் ஷிஃப்ட் முடிந்தாலும், அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து நம் மெஷினைக் கையில் வாங்கிக்கொள்ளும் வரை மெஷினை விட்டு நகரக் கூடாது. அப்படி வந்து வாங்குகிறவருக்கு ரிலீவர் என்று பேர். இந்தச் சட்டத்தை மாஸ்டர் பேண்ட் செட்டுக்கும் கொண்டுவந்தார். அதனால் மத்திகிரியில் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவே நடுரோட்டில் நின்றது.

தாய்மாமன் சீர் கொண்டுபோகிற ஊர்வலம். முன்னால் செட்டு, பின்னால் தலையில் தட்டோடு தாய்மாமன், அவருக்குப் பின்னால் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு தட்டு. அன்றைக்கு வந்தது மாஸ்டரும் முனிராஜுவும். முனிராஜுவுக்கு செகண்ட் ஷிஃப்ட். வழியில் பஸ் ஸ்டாப்பில் அவர் ஏறிக்கொள்ள வேண்டும், முன்னாலேயே விடுகிற கம்பெனியில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்து வருகிற செல்வம் அங்கே இறங்கி டிரம்மை வாங்கிக்கொள்ள வேண்டும். அதுதான் ஏற்பாடு. முனிராஜுவின் பஸ் வந்து நின்றது. செல்வத்தின் பஸ் எங்கோ லாரிக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது.

முனிராஜு டிரம்மைக் கழற்றப் போனார். மாஸ்டர் விடவில்லை.

"ரிலீவர் வராம மெஷின வுட்டுட்டு எறங்கலாமா நீ?"

"மெஷினு இல்ல மாஸ்டர், இது டிரம்மு. பஸ் போயிரும்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. சீர்த்தட்டுகள் வெயிலில் காய்ந்தன. நல்ல நேரம் முடியப் போகிறது என்று பெண் வீட்டிலிருந்து போன் மேல் போன். தாய்மாமனுக்குக் கழுத்து வலி, அதற்கு மேல் கோபம். கடைசியில் மாஸ்டர் பெரிய டிரம்மை வாங்கித் தன் முதுகில் கட்டிக்கொண்டார். குச்சியைத் தாய்மாமன் கையில் கொடுத்தார். "நீங்கதான் ரிலீவர். நான் ஊதிக்கிட்டே போறன், பின்னால அடிச்சிக்கிட்டே வாங்க," என்று நடக்க ஆரம்பித்துவிட்டார்.

தாய்மாமன் தலைத்தட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, அத்தனை நேரம் நின்ற கோபத்தையும் அந்த டிரம்மில் காட்டினார். ஒவ்வொரு அடிக்கும் மாஸ்டர் ஓரடி முன்னால் போய் விழப் பார்ப்பார், கிளாரினெட் கீச்சென்னும். ஊர்வலம் கிட்டத்தட்ட ஓட்டமாகவே மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்ததாம், நல்ல நேரத்துக்குள். அந்தத் தாய்மாமன் அப்புறம் எங்கே மாஸ்டரைப் பார்த்தாலும், அடுத்த ஊர்வலம் எப்போது என்று கேட்பாராம்.

இப்படியே வருஷங்கள் ஓடின. ஒவ்வொருத்தராக ரிட்டயர்டு ஆனார்கள். கடைசியாக ஆனவர் செல்வம். மாஸ்டர் அதற்கு முன்பே பத்து விரலோடு வெளியே வந்துவிட்டார். கம்பெனியில் கொடுத்த மாலையோடு நேராக என் கடைக்கு வந்து விரலைத்தான் காட்டினார். ஆனால் அவர் வாயில் வேறொரு சேதி இருந்தது. மேல்வரிசை முன்பல் இரண்டும் ஆட்டம் கண்டிருந்தன.

கிளாரினெட் வாசிக்கிறவர்களுக்கு அந்தப் பல்தான் ஆதாரமாம். வாயில் வைக்கிற பகுதி அதன்மேல்தான் நிற்குமாம். பல் டாக்டர் எடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். மாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டார். எழுந்து என்று நான் எழுதிவிட்டேன், அங்கேயும் நின்றுகொண்டுதான் இருந்திருப்பார்.

"வெரலக் காப்பாத்திட்டன்க்கா, பல்லு ஏமாத்திருச்சு," என்றார். "ஒரே ஒரு பாட்டு. நாலு பேரும் சேந்து, முழுசா ஒரு பாட்டு. அது வரைக்கும் பல்லு நிக்கணும்."

"கட்டுப் பல்லு வெச்சிக்கலாம் இல்ல மாஸ்டர்?"

"அதுல ஊதுனா வேற யாரோ ஊதுற மாதிரி இருக்குமாம். பல்லுக்கும் ரிலீவர் வரலக்கா. அது எப்படிப் போவும்?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அன்றிலிருந்து அவர் இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்து, கூழாக்கித் தந்தேன். வடை பக்கமே வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நான் ஒரு ஆம்பளையைக் கண்டித்தது அதுதான் முதல் தடவை.

செல்வம் ரிட்டயர்டு ஆன கையோடு முழு செட்டுக்கும் ஒரு அழைப்பு வந்தது. நஞ்சப்பாவோடு வேலை பார்த்த ஒருத்தர் மத்திகிரியில் வீடு கட்டி, கிருகப்பிரவேசம் வைத்திருந்தார். நாலு பேரும் ஒரே நிறச் சட்டை தைத்துக்கொண்டார்கள். நானும் அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். மாலை போட்ட பசுமாடு வாசலில் நின்றது. அது முதலில் உள்ளே போக வேண்டும், அந்த நேரத்துக்கு செட்டு முழங்க வேண்டும்.

முழங்கியது. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு பாட்டுக்குள் நாலு பாட்டு ஒன்றையொன்று அடித்துக்கொண்டது. இத்தனை வருஷமும் வராதவர்கள் பாகத்தையும் சேர்த்தே வாசித்த கை அல்லவா? இப்போது எல்லோரும் வந்த பிறகும் ஒவ்வொருத்தரும் நாலு பேர் வேலையைப் பார்த்தார்கள். நஞ்சப்பா டிரம்பெட்டையும் ஊதினார், கிளாரினெட் பாகத்தையும் ஊதினார். செல்வம் பெரிய டிரம் அடியையும் சேர்த்து சைடு டிரம்மில் அடித்தார். மாஸ்டர் ஊதிக்கொண்டே ஷூ காலால் மிதிக்கவும் செய்தார்.

மாடு ஒரு தடவை எல்லோரையும் பார்த்தது. பிறகு திரும்பி, மாலையோடு, தன் வீட்டைப் பார்த்து ஓட்டம் பிடித்தது. பின்னாலேயே ஐயர் ஓடினார், வீடு கட்டியவர் ஓடினார். மாடு திரும்பி வந்தும் அந்த வாசலை மிதிக்கவில்லை. செட்டைத் தெருக்கோடிக்கு அனுப்பிய பிறகுதான் கால் எடுத்து வைத்தது.

தெருக்கோடியில் நாலு பேருக்கும் சண்டை. நஞ்சப்பா கோபம் வந்தால் கன்னடத்துக்குப் போய்விடுவார், முனிராஜு தெலுங்குக்கு. செல்வம் தன் ஊர்ப் பேச்சில், "என் பாகத்த எனக்கு விடுதீகளா நீங்க? நான் எதுக்குங்கேன்?" என்று குச்சியைக் கீழே போட்டார். வேலையில் இருந்தபோது ஒருத்தரையொருத்தர் பார்க்காமலே ஒற்றுமையாக இருந்தவர்கள், ஒன்றாகச் சேர்ந்த முதல் நாளே பிரிந்தார்கள். மாஸ்டர் யாரையும் திட்டவில்லை. நாக்கால் பல்லை அசைத்துப் பார்த்தபடி நின்றார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நானும் சட்டினியைப் பார்க்கலாம் என்றால் அங்கே சட்டினியும் இல்லை.

அப்புறம் கொஞ்ச காலம் அவர் இருப்புக் கொள்ளாமல் அலைந்தார். காலையில் கேட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை நடப்பார், அங்கிருந்து திரும்பி நடப்பார். பெட்டி ஸ்டூல் மேல் இருக்கும், திறக்க மாட்டார். நடக்கிற நடையில் பல் இன்னும் ஆடிவிடும் என்று எனக்குப் பயம். அவர் நடப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கை ஓயவில்லை, துடைத்த டம்ளரையே துடைத்துக்கொண்டிருந்தேன். மற்ற மூன்று பேரும் கடைக்கு வருவார்கள், அவர் இல்லாத நேரம் பார்த்து. "மாஸ்டர் பல்லு எப்படி இருக்கு?" என்று மூன்று பேருமே கேட்பார்கள். அவரிடம் கேட்க மாட்டார்கள்.

ஒருநாள் மத்தியானம், ஷிஃப்ட் மாறுகிற நேரம். மாஸ்டர் டீ டம்ளரோடு கேட்டைப் பார்த்து நின்றார். காலை ஷிஃப்ட் ஆட்கள் வெளியே வருகிறார்கள், அடுத்த ஷிஃப்ட் உள்ளே போகிறது. அந்தக் கொஞ்ச நேரம் ரோடே தெரியாது, தலைதான் தெரியும். தினமும் பார்க்கிற கூட்டம்தான். அவர் டீயைக் குடிக்காமல் அதையே பார்த்தார்.

"யக்கா, யாரும் யாரையும் இடிக்கல பாருங்க."

"பழக்கம்தானே மாஸ்டர்."

"உள்ள போறவன் மெஷினக் கையில வாங்குற வரைக்கும் வெளிய வர்றவன் நிக்கறான். வாங்குனதும் வுட்டுர்றான். நடுவுல கொஞ்ச நேரம்தான் ரெண்டு ஷிஃப்டும் இருக்குது. அந்தக் கொஞ்ச நேரத்துக்கு ரோடு எப்படி ரொம்பிப் போவுது பாருங்க." டம்ளரை அப்படியே என்னிடம் நீட்டினார். "நாங்க நாலு பேரும் நாள் பூரா உள்ளயே நின்னுட்டோம்க்கா. ஒருத்தனும் வெளிய வரல."

எனக்குப் புரியவில்லை. மறுநாள் மூன்று பேரையும் என் கடைக்கே வரவழைத்து, ஒரு தட்டில் பலகாரத்தை வைத்துப் புரியவைத்தார். வடை மாஸ்டர், இட்லி நஞ்சப்பா, போண்டா செல்வம், பெரிய ஊத்தப்பம் முனிராஜு. பாட்டு ஆரம்பிக்கும்போது வடை மட்டும் தட்டில் இருக்கும். இட்லி வந்து ஓரடி ஊதி, கையில் வாங்கிக்கொண்டதும் வடை தட்டை விட்டு நகர்ந்துவிடும். இப்படியே ஒவ்வொருத்தராக. கடைசியில் மட்டும், ஷிஃப்ட் மாறுகிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும், நாலும் தட்டில்.

தான் மட்டும் ஏன் இட்லி என்று நஞ்சப்பா கேட்டார். இடம் மாற்றிக்கொள்ளலாம் என்றால் மாஸ்டருக்குப் பல் இல்லாத ஆள் மாதிரி இட்லியாக இருக்க விருப்பமில்லை. இந்தப் பேச்சு முடிவதற்குள் முனிராஜு யோசனையாக போண்டாவை எடுத்துத் தின்றுவிட்டார்.

"ஏலே, என்னையத் தின்னுட்டான்," என்றார் செல்வம்.

முதலில் சிரித்தது யார் என்று நினைவில்லை. நாலு பேரும் சிரித்தார்கள், மாஸ்டர் மட்டும் பல்லைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். சண்டை அத்தோடு போயிற்று. அன்றைக்கே கடைக்குப் பின்னால் இருந்த காலி மனையில் பழக ஆரம்பித்தார்கள். வேலையில் இருந்தபோது பழகிய கைகள்தான், விடுவதற்கு மட்டும் பழக வேண்டியிருந்தது. "ரிலீவர் வந்துட்டான், எறங்கு, எறங்கு," என்று மாஸ்டர் கத்துவது அடுப்பு வரைக்கும் கேட்கும்.

எதிர் கம்பெனியில் ஆயுத பூஜை வந்தது. வருஷத்தில் அந்த ஒருநாள்தான் அங்கே மூன்று ஷிஃப்டும் ஒன்றாக நிற்கும். மெஷின்களைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, குடும்பங்களையும் உள்ளே கூப்பிடுவார்கள். மாஸ்டர் போய் நாங்கள் வாசிக்கிறோம் என்று கேட்டிருக்கிறார். மாட்டுக் கதை அங்கேயும் எட்டியிருந்தது. இங்கே ஓடுவதற்கு மாடு எதுவும் இல்லை என்று யாரோ சொல்ல, சரியென்றார்கள். சுண்டல் என் கடையிலிருந்து. அத்தனை வருஷம் கேட்டுக்கு வெளியே இருந்தவள் அன்றைக்குத்தான் உள்ளே போனேன். சுண்டல் பாத்திரத்தைக் கீழே வைக்க மனசில்லாமல் மாஸ்டருடைய ஸ்டூலையும் எடுத்துக்கொண்டு போய், அதன்மேல் வைத்தேன்.

மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. அவ்வளவு பெரிய கொட்டகையில் அவ்வளவு அமைதி. மாஸ்டர் வேலை பார்த்த பிரஸ் மெஷினுக்கு மாலை போட்டிருந்தார்கள். அவர் அதன் பக்கத்தில்தான் நின்றார். பல்லை ஒரு தடவை நாக்கால் தொட்டுப் பார்த்தது எனக்கு மட்டும் தெரிந்தது. கிளாரினெட்டை வாயில் வைத்தார்.

தனியாகத்தான் ஆரம்பித்தது. அவர்களே கட்டிய மெட்டு. கொஞ்ச தூரம் போனதும் நஞ்சப்பா வந்து ஓரடி ஊதினார். இரண்டும் சேர்ந்து கொஞ்சம் நடந்தன. மாஸ்டர் விட்டார். எனக்கு உயிர் போய் வந்தது, விடுவாரோ மாட்டாரோ என்று. அப்புறம் செல்வம் வந்தார், நஞ்சப்பா விட்டார். முனிராஜு வந்தார், செல்வம் விட்டார். கூட்டத்தில் இருந்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டது. ஒவ்வொரு தடவை கைமாறும்போதும் "ரிலீவர் வந்தாச்சு" என்று குரல் கொடுத்தார்கள். மூன்று ஷிஃப்ட் ஆட்களும் அல்லவா?

பிறகு அந்தக் கொஞ்ச நேரம் வந்தது. நாலும் சேர்ந்தன. எனக்கு ராகம் தாளம் தெரியாது. வாயால் டும் டுடும் என்று எத்தனையோ வருஷம் சொல்லியிருக்கிறேனே தவிர, அது இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நிறுத்தி வைத்த மெஷின்களின் தகடெல்லாம் கூடவே அதிர்ந்தன.

பாட்டு உச்சத்துக்குப் போகிற இடத்தில் மாஸ்டர் கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

பல் விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நஞ்சப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார், ஊதிக்கொண்டே கண்ணை உருட்டினார். மாஸ்டர் யாரையும் பார்க்கவில்லை. கொஞ்சம் பின்னால் நகர்ந்து வந்தார், எதையோ தேடுகிற மாதிரி கையை நீட்டினார். நான் சுண்டல் பாத்திரத்தைத் தூக்கிக் கீழே வைத்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

இரண்டு காலும் தரையில் இருந்தன. ஒன்றுகூட ஆடவில்லை.

பாட்டு முடிந்ததும் மூன்று பேரும் அவர் மேல் பாய்ந்தார்கள். இதற்காகத்தானே இத்தனை வருஷம், முழு செட்டு என்று கேட்டுவிட்டு நடுவில் எதற்கு நிறுத்தினாய் என்று கத்திய நஞ்சப்பாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"எல்லாரும் வந்துட்டீங்களேப்பா," என்றார் மாஸ்டர். "நான் எறங்கலாம் இல்ல? வாசிச்சிக்கிட்டே இருந்தா நான் எப்பக் கேக்கறது?"

நான் சுண்டல் கொடுத்தேன். யோசிக்காமல் அவருக்கும் கொடுத்துவிட்டேன். அந்தச் சுண்டலில்தான் முதல் பல் விழுந்தது. நாலு பேரும் சேர்ந்து தேடி எடுத்து, அதே பிரஸ் மெஷின் காலடியில் குங்குமத்தோடு வைத்தார்கள்.

இப்போது அந்த செட்டுக்கு ஓய்வே கிடையாது. அத்திப்பள்ளி, ஆனேக்கல், கிருஷ்ணகிரி என்று மாதத்தில் பாதி நாள் ஊரில் இருப்பதில்லை. மூட்டுவலித் தைலம், மாத்திரை டப்பா, எல்லாம் டிரம்மோடு வண்டியில் ஏறும். மாஸ்டர் கட்டுப் பல் வைத்துக்கொண்டார். வேறு யாரோ ஊதுகிற மாதிரி இல்லை, அவரே கொஞ்சம் சளி பிடித்து ஊதுகிற மாதிரி இருக்கிறது. உச்சத்துக்குப் போகிற இடத்தில் இப்போதும் ஒரு நிமிஷம் எடுத்துவிட்டுக் கேட்கிறார். அதனால் முழு செட்டு என்பது இன்னும் யாருக்கும் வாய்க்கவில்லை. டிரம்மிலும் 'ஸ்ரீ வெங்க' தான். பெயிண்டர் ரிட்டயர்டு ஆகி எழுத வந்தார், அப்படியே இருக்கட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பூஜைக்கு மறுநாள் மாஸ்டர் கடைக்கு வந்தார். பெட்டியை ஸ்டூல் மேல் வைத்துவிட்டு, வழக்கம்போல நின்றுகொண்டே டீ குடித்தார்.

இவ்வளவுதான் எனக்கு எழுதத் தெரிந்தது. முனிராஜுவுக்கு அன்றைக்கு செகண்ட் ஷிஃப்டா வேறா, மாடு ஓடியது எந்தத் தெரு, முதலில் நுழைந்தது நஞ்சப்பாதானா செல்வமா என்பதெல்லாம் நான் முன்னே பின்னே சொல்லியிருப்பேன். மூக்கண்டப்பள்ளிக்கு யாராவது வந்தால் அந்த நாலு பேரையும் கேட்டுச் சரிபார்த்துப் போடுங்கள். அவர் உட்கார்ந்தார் என்று எழுதியிருக்கிறேனே, அதை மட்டும் யாரையும் கேட்க வேண்டாம். பாத்திரத்தை இறக்கி வைத்தது நான்தான்.